நான் பற்றாத கை

செம்பூரில் நான் நர்ஸாக இருக்கும் மருத்துவமனையின் ஐசியுவுக்கு ஜன்னல் கிடையாது. மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு நுழைந்தால் வெயில் வாசலோடு நின்றுவிடும். உள்ளே ஏசிக் குளிர், ஸ்பிரிட் வாடை, மானிட்டர்களின் கீச்சொலி.

அன்று எனக்கு ஏழாம் படுக்கை. பிரம்மநாயகம், தாராவியில் தோல் பட்டறை வைத்திருப்பவர். நிமோனியா தணிந்து, ஆக்சிஜன் மாஸ்க்கோடு கிடந்தார். மறுநாள் வார்டுக்கு மாற்றுவதாக இருந்தது.

"சிஸ்டர், கால்மாட்டுல ஒரு பொம்பள நிக்கா. எம் மாஸ்க்கப் பிடுங்க வாரா."

எங்களுக்கு இது புதிதில்லை. நோயின் வேகத்தில் புத்தி தடுமாறி இல்லாததைக் காண்பார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு ஷிப்டிலும் செய்து, சார்ட்டில் எழுத வேண்டும்.

"அண்ணாச்சி, பத்து எழுத்துச் சொல்லுவேன். 'அ' வரும்போது மட்டும் என் கைய அழுத்துங்க."

வலது கையைக் கொடுத்தேன். இடது கை கட்டில் கம்பியில் இருந்தது. பத்திலும் அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை.

"கல்லு தண்ணியில மிதக்குமா?"

"முங்கிரும். ஏந் தாயி, என்னயக் கிறுக்கன்னு பாக்கியா?"

அவர் புத்தி என்னுடையதைவிடத் தெளிவாக இருந்தது.

அப்படியென்றால், கால்மாட்டில் நிற்பது?

"எப்படி இருக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

"குட்டையா. நெத்தியில பச்ச குத்தியிருக்கா. சோத்துக் கையில சுண்டுவிரலு கெடையாது."

கால்மாட்டைத் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

பேராச்சி. போன வாரம் இதே படுக்கையில் கிடந்தவள். கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடியே இருப்பாள். தொந்தரவில்லாத நோயாளி என்று எங்களுக்கெல்லாம் நிம்மதி. முந்தைய ஷிப்டில் 'தெளிவு' என்று எழுதியிருந்ததைப் பார்த்து மூன்று நாளும் நானும் அதையே எழுதினேன். சோதனை செய்யவில்லை. சத்தமில்லாமல் கிடப்பதும் குழப்பம்தான், உள்ளே கிருமி ஏறுவதற்கு அதுவே முதல் அடையாளமாக இருக்கலாம் என்று படித்தவள்தான் நான். நான்காம் நாள் அவள் இறந்துவிட்டாள்.

"அவ கைய நீ ஒரு தடவகூடப் பிடிக்கலியாமே," என்றார் பிரம்மநாயகம்.

கம்பியிலிருந்த என் இடது கையைச் சில்லென்று ஏதோ பற்றியது.

நான்கே விரல்கள்.

"அ..." என்றது என் வாய்.

எலும்பு நெரிய அழுத்தியது.

உதறிக்கொண்டு ஓடினேன். எதிரில் டூட்டி டாக்டர் சாய்நாத். என்ன ஆயிற்று, நோயாளிக்குப் புத்தி குழம்பிவிட்டதா என்று இந்தியில் கேட்டார்.

"க்யா ஹுவா சிஸ்டர்? பேஷன்ட் கன்ஃப்யூஸ்ட் ஹை க்யா?"

இல்லை என்றால், அங்கே நிற்பது யார் என்று சொல்ல வேண்டும். நான் எழுதிய பொய்யையும் சொல்ல வேண்டும். எனக்கு அவளைவிட அந்தப் பேச்சுக்குத்தான் பயம்.

"ஹாங் டாக்டர்," என்று ஆமோதித்தேன்.

தூக்க ஊசி போட்டார். மாஸ்க்கைக் கழற்றிவிடாமலிருக்கக் கைகளைக் கட்டச் சொன்னார். கட்டியது நான்தான்.

"கட்டாத தாயி," பிரம்மநாயகத்தின் நாக்கு குழறியது. "அவ வந்தா நான் எதை வச்சித் தடுக்க?"

ஆறு மணிக்கு அலாரம் அலறியது. நான் ஓடிப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாஸ்க் கட்டிலுக்கடியில் கிடந்தது. அவருடைய இரண்டு கைகளிலும் நான் போட்ட கட்டு அப்படியே இருந்தது.

நோயாளியே தலையை உருட்டித் தள்ளியிருப்பார் என்று சாய்நாத் எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி சீத்தா கேம்ப்பில் என் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினேன். வீட்டுப்பாட நோட்டை வீசிவிட்டு என் மகள் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"அம்மா!"

அந்த 'அ'வுக்கு என் இடது கை நெரிந்தது.