டீலோஸ் தீவின் முடிச்சுகள்

ஒன்பது நாளாக டீலோஸ் தீவில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பேரீச்ச மரத்தைக் கட்டிப்பிடித்தபடி லெட்டோ பிரசவ வலியில் அலறிக்கொண்டிருந்தாள்.

அவள் வயிற்றில் இருந்தது தேவர்களின் அரசன் ஜீயஸின் பிள்ளை. அவனுடைய மனைவி ஹீராவுக்கு அது பொறுக்கவில்லை. "அவளுக்கு உதவுகிறவர்களை விட்டுவைக்க மாட்டேன்" என்று ஊரையெல்லாம் மிரட்டியிருந்தாள். எந்தத் தீவும் லெட்டோவைக் கரையேற விடவில்லை. டீலோஸ் வெறும் பாறை. அவள் வந்து விழுந்தபோது கரையில் தடுக்க ஆளில்லை. அங்கிருந்த சில மீனவக் குடும்பங்களும் பயந்து உதவப் போகவில்லை.

மீனவர் லைக்கோனின் மகள் மிர்த்தோவுக்குப் பத்து வயது.

"அவங்க செத்துடுவாங்கப்பா."

"கதவைச் சாத்துடி. ஹீரா கண்ணுல பட்டா நாமதான் சாவோம்."

"சாத்தினாலும் சத்தம் கேக்குதே!"

அப்பா திரும்பிப் படுத்துக்கொண்டார். மிர்த்தோ தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

லெட்டோவின் உதடுகள் வெடித்திருந்தன. "எங்கேயோ ஒரு முடிச்சு அவிழாம இருக்கு, கண்ணு. அதான் பிள்ளை இறங்கல" என்று முனகினாள்.

மிர்த்தோவுக்கு அது தெரியும். பிள்ளை பிறக்கும் இடத்தில் முடிச்சே இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்தபோது ஆட்டுக் கயிற்றைக்கூட அவிழ்த்தார்கள். அந்த ஆடு அப்பாவின் போர்வையைத் தின்றுவிட்டது.

லெட்டோவின் இடைக்கச்சையை அவிழ்த்தாள். தன் சடையை அவிழ்த்தாள். செருப்பு வாரையும் விடவில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் கீழே கரையைப் பார்த்தாள். பாறையில் முடிச்சுப் போட்டு அப்பாவின் படகு கட்டியிருந்தது. காற்றோ கடலை நோக்கி வீசியது. படகை இழுத்துக் கரையேற்ற அவளுக்குத் தெம்பில்லை. படகு போனால் சோறும் போச்சு.

லெட்டோவின் அலறல் தேய்ந்துகொண்டே வந்தது.

மிர்த்தோ கரைக்கு இறங்கி ஓடி, அழுதுகொண்டே படகின் முடிச்சை அவிழ்த்தாள். படகு கடலுக்குள் போய்விட்டது. அவள் மேலே ஏறி வருவதற்குள் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அதுதான் ஆர்ட்டெமிஸ்.

படகு போவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே லைக்கோன் வந்தார். கையில் முடிச்சுப் போட்ட கயிறு.

"பாவி மகளே! நாளைக்குக் கல்லையா திங்கப்போறோம்?"

மிர்த்தோ ஓடவில்லை. "அடிங்கப்பா. படகை நான்தான் அவுத்தேன்."

அவர் கையை ஓங்கினார். அந்த நேரம் லெட்டோ மறுபடியும் கத்தினாள்.

"இன்னொண்ணு இருக்குப்பா" என்றாள் மிர்த்தோ. அவள் கண்கள் அப்பாவின் கையிலிருந்த கயிற்றின் மேலேயே இருந்தன.

லைக்கோன் வானத்தைப் பார்த்தார். ஹீரா எங்கிருந்து பார்க்கிறாளோ! பிறகு ஓங்கிய கையை இறக்கினார். கீழே உட்கார்ந்து முடிச்சைப் பிரிக்கத் தொடங்கினார்.

"ஈரத்துல இறுகிப்போச்சு. நீ அந்தப் பக்கம் பிடி, மிர்த்தோ."

அவள் பல்லால் கடித்து இழுத்தாள். கயிறு நேரானது. ஓர் ஆண் குழந்தை வீரிட்டு அழுதது. அவன்தான் அப்போலோ.

படகு அதற்குள் கண்ணுக்கெட்டாத தூரம் போயிருந்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.