ஸ்கூட்டருக்கு ஒரு பெரட்டு

மரியரட்ணத்துக்கு ஸ்கூட்டரைக் கழற்றத் தெரியும். பூட்டத்தான் தெரியாது.

நோர்வூட்டில் துணிக்கடையில் வேலை செய்யும் அவர், ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கினார். காணொளி பார்த்துப் பார்த்து மூன்று மாதமாகத் திருத்தினார். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், அவர்கள் வீட்டு வாசலை ஸ்கூட்டர் பிடித்துக்கொண்டது. அங்கே அடுக்க இடமில்லாமல் அவர் மனைவி ஐவியின் விறகு மழையில் நனைந்தது.

சனிக்கிழமைப் பின்னேரம் எஞ்சினுக்குப் பெற்றோல் அனுப்பும் காபரேட்டரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, எல்லாவற்றையும் பழைய சாமான் கிடந்த வாளிக்குள் போட்டுவிட்டார்.

ஞாயிறு காலை ஐவிக்குப் பொறுமை போனது.

"மூணு மணிக்குப் பழைய இரும்பு எடுக்கிற சரிபுதீன் நானா லொறி வருது. அதுக்குள்ள ஸ்டார்ட் ஆகலேன்னா ஏத்தி அனுப்பிருவேன், ஆமா!"

மரியரட்ணத்தின் முகம் சுண்டிப்போனது. மகள் அனுஷ்காவுக்குப் பாவமாக இருந்தது. அவளுக்குப் பத்து வயது.

"அப்பா, பெரட்டு வைப்போம்."

"யாருக்கும்மா?"

"நட்டு, போல்ட்டுக்கு!"

தோட்டத்தில் தினமும் காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுத்தான் ஆட்களை வேலைக்கு அனுப்புவார்கள். ஐவியும் அங்கே போய் நிற்பவர்தான். அனுஷ்கா பேப்பரை விரித்து, வாளியிலிருந்ததை வரிசையாக வைத்தாள். காணொளியைப் பார்த்துப் பேர் கூப்பிட்டாள்.

"மிதவை?"

"வந்திருக்கு," என்றார் அப்பா.

"ஊசி?"

"வந்திருக்கு."

"ஜெட்?"

அப்பா வரிசையைத் துழாவினார். ஜெட்டைக் காணோம். நடுவில் சின்னத் துளையுள்ள, நெல்லை விடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் துண்டு அது.

"அது இல்லாம வண்டி ஓடாதே!" அப்பா தலையில் கை வைத்தார். இருவரும் புல்லெல்லாம் தேடினார்கள். கிடைக்கவில்லை.

"தேடினது போதும், யோசிங்கப்பா. ஜெட்டைக் கழட்டினதும் என்ன செஞ்சீங்க?"

"மழை தூறிச்சு. அட்டை கடிச்சிருச்சு. அம்மாவோட சவுக்காரத்தை எடுத்துக் கால்ல பூசினேன்."

"ஜெட் எந்தக் கையில இருந்துச்சு?"

அப்பா தன் வலது கையையே பார்த்தார்.

கொழுந்தெடுக்கப் போகும்போது அட்டை கடிக்காமலிருக்க ஐவி காலில் பூசும் சவர்க்காரக் கட்டி ஜன்னலில் இருந்தது. அனுஷ்கா அதைப் புரட்டினாள். அடியில், ஈரத்தில் அழுந்தி ஏதோ மின்னியது.

"ஜெட் வந்திருக்கு!"

அப்பா அதைக் கழுவினார், துளையை ஊதினார். வரிசை பார்த்து ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

லொறி வந்து நின்றது. அப்பா உதைத்தார். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தார். மூன்றாவது உதைக்கு லயமே புகைக்குள் போய்விட்டது. ஸ்கூட்டர் படபடவென்று ஓடியது!

சரிபுதீன் இருமிக்கொண்டே சிரித்தார். "ஓடுற வண்டிய எப்படி எடுக்கிறது? அந்த ஓட்ட வாளியையாவது தாங்க."

ஐவி வாளியைக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

அனுஷ்கா பெரட்டில் கூப்பிடுவது போலக் குரலை உயர்த்தினாள். "ஐவி!"

ஐவி பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"வந்திருக்கு," என்றார்.