அக்காவின் கம்பளத்தில் ஓர் ஓடை

“இத்தோ, உன் சித்திகிட்ட சொல்லு. அந்தப் பக்கம் சீப்பால இன்னும் கொஞ்சம் அழுத்தி அடிக்கணும்.”

இத்தோ நான். சொன்னது அம்மா. ஹத்தா சித்தி எங்கே இருந்தார்? அடுத்த ஊரிலா? இல்லை. அம்மாவுக்கு ஒரு முழம் தள்ளி, அதே தறியில், அதே பலகையில்!

நான் சித்தியிடம் திரும்பினேன். “சித்தி, அம்மா சொல்றாங்க...”

“காது கேக்குதுடி. நான் அடிக்கிறது நல்லாத்தான் இருக்குன்னு உங்கம்மாகிட்ட சொல்லு.”

“அம்மா, சித்தி சொல்றாங்க...”

“எனக்கும் காது இருக்கு!”

இரண்டு பேருக்கும் காது இருந்தது. வாயை மட்டும் என்னிடம் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

எல்லாம் தூதா அக்காவின் கல்யாணக் கம்பளத்தால் வந்தது. மலைக்குக் கீழே இருக்கும் ஊர்தான், சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சித்தி பிறந்த ஊர். சித்தியின் அண்ணன் மகன் ஹம்முதான் மாப்பிள்ளை. அக்காவோடு அனுப்ப அம்மா இடப்பக்கமும் சித்தி வலப்பக்கமும் உட்கார்ந்து, பாதிவரை பாட்டுப் பாடித்தான் நெய்தார்கள். அப்புறம் நடுப்பகுதி வந்தது.

“இங்க கண்ணு போடலாம்,” என்றார் அம்மா. சாய்சதுரத்துக்குள் ஒரு குட்டிச் சாய்சதுரம். அதுதான் கண். அது இருந்தால் புதுப்பெண்மேல் யார் கண்ணும் படாது.

சித்தியின் முகம் மாறிவிட்டது. “எங்க ஊர்க்காரங்க உங்க பொண்ணுமேல கண்ணு வைப்பாங்கன்னு சொல்றீங்களாக்கா? பார்லி மணி போடலாம். வீட்ல சாப்பாட்டுக்குக் குறை இருக்காது.”

“அப்போ என் பொண்ணு பட்டினி கெடக்குற வீட்டுக்கா போறா?”

அவ்வளவுதான். பேச்சு நின்றது. இடப்பக்கம் கண், வலப்பக்கம் பார்லி என்று ஆளுக்கொன்றை நெய்ய ஆரம்பித்தார்கள். நடுவில் நெடுக்காகக் கட்டியிருந்த சில பாவு நூல்களை இரண்டு பேருமே தொடவில்லை. தொட்டால் அடுத்தவர் பக்கமாம்! குறுக்கே போகும் ஊடை நூல் மட்டும் அந்த வழியாக ஓடியது. கம்பளி முடிச்சு ஒன்றுகூட விழவில்லை. இரண்டு பக்கமும் புசுபுசுவென்று ரோமம், நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு மொட்டை.

“அப்பா தலை மாதிரியே இருக்கு,” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா மட்டும் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, “நான் ஆட்டைப் பாத்துட்டு வரேன்,” என்று நழுவிவிட்டார். ஆடுகள் முற்றத்தில்தான் இருந்தன.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டில் கம்பளத்தை விரிப்பார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, விரல் வைத்து ஒவ்வொரு கோலமாகப் படிப்பார்கள். அந்த மொட்டையைப் பார்த்தால், தேநீர் ஆறுவதற்குள், ‘இந்த ரெண்டு வீட்டுக்கும் ஆகாது’ என்று படித்துவிடுவார்கள். அப்புறம் அந்த வீட்டில் இருக்கப் போவது அம்மாவா, சித்தியா? எங்கள் தூதா அக்காதானே!

கண்ணும் அக்காவுக்கு, பார்லியும் அக்காவுக்கு. சரி, அக்காவுக்கு என்ன வேண்டுமாம்? அதை யாராவது கேட்டார்களா?

ஓடைக்கு ஓடினேன். அக்கா கம்பளி அலசிக்கொண்டிருந்தார்.

“அக்கா, உன் கம்பளத்துல உனக்கு என்ன வேணும்?”

“யாரு கேக்கச் சொன்னா? அம்மாவா, சித்தியா?”

“யாரும் சொல்லல. நான்தான் கேக்குறேன்.”

அக்கா கம்பளியைப் பிழிந்து கல்மேல் வைத்துவிட்டுத் தண்ணீரைக் காட்டினார்.

“இந்தத் தண்ணி அவங்க ஊரு வழியாத்தான் போகுது. அங்க நான் குடத்தோட போறப்ப, இது நம்ம வீட்டு வாசலைத் தாண்டி வந்த தண்ணின்னு நெனச்சுக்குவேன்.” அக்காவின் மூக்கு சிவந்துவிட்டது. “கண்ணும் வேணும், பார்லியும் வேணும்தான். இந்த ஓடைய யாருடி போட்டுக் குடுப்பா?”

வந்ததைவிட வேகமாக வீட்டுக்கு ஓடினேன். கூடையிலிருந்து நீலக் கம்பளியை எடுத்தேன். பலகையில் அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவே புகுந்தேன்.

“தள்ளி உக்காருங்க.”

“எங்கடி உக்காருற?” இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். உடனே வாயை மூடிக்கொண்டார்கள்.

முடிச்சுப் போட எனக்குத் தெரியும். அம்மா ஒரு வரி, சித்தி ஒரு வரி, நடுவில் நான். ஒவ்வொரு வரியிலும் நீல முடிச்சைக் கொஞ்சம் நகர்த்தினேன். ஓடை வளைந்து வளைந்து ஏறியது.

“என்னது இது? பாம்பா?” என்றார் சித்தி.

“பாம்பில்ல சித்தி, நம்ம ஓடை. அக்காதான் கேட்டா.” அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். குடம், வாசல், சிவந்த மூக்கு எல்லாவற்றையும்.

இரும்புச் சீப்பு அடிக்கும் சத்தம் நின்றது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சித்தி மூக்கை உறிஞ்சினார். அப்புறம், என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து,

“அக்கா, அத்திமரத்துகிட்ட ஓடை வலது பக்கந்தானே திரும்பும்?”

“இடது பக்கம் ஹத்தா.”

“வலதுதான்க்கா! நான் அந்த ஊர்ல பொறந்தவ.”

“மேல இருந்து பாரு, இடதுதான்.”

“நான் கீழ இருந்துதானே பாத்தேன்!”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. நான் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தேன்.

கீழே விட்டுப்போன மொட்டையில் சித்தி ஊசியால் நீலக் கம்பளியைக் கோத்துக் கொடுத்தார். நெய்து முடிந்ததும், அறுப்பதை ஆண்கள் பார்க்கக் கூடாது என்ற வழக்கப்படி அவர்களை வெளியே அனுப்பினோம். தறியில் இருக்கும்வரை கம்பளத்துக்கு உயிர் உண்டு என்பார்கள். அம்மா பாவு நூலுக்குத் தண்ணீர் தெளித்து விடை கொடுத்தார். சித்தி தறியிலிருந்து கம்பளத்தை அறுத்தார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அம்மா ரிகியா அத்தை, கம்பளத்தின் முன் மண்டியிட்டு விரலை வைத்தார்.

“கண்ணு. நல்லது. என் மருமகமேல எவ கண்ணும் படக்கூடாது.” விரல் நகர்ந்தது. “பார்லி. அதுவும் வேணும். எம் பையன் சாப்பிடுற சாப்பாட்டுக்கு ஒரு வயல் பத்தாது!”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சித்தியும்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தார்கள்.

விரல் நடுவில் நின்றது. “இது என்னது?”

“ஓடை, அத்தை. அக்கா எங்களைப் பாக்க வர்ற வழி,” என்றேன்.

“அடியே, தண்ணி மேலேருந்து கீழதானே வரும்? மேல ஏறுமா?”

“தண்ணி ஏறாது. அக்கா ஏறுவா. ஒரு கழுதை மட்டும் குடுங்க!”

அத்தை குலுங்கிச் சிரித்தார். வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார்: “டேய் ஹம்மு! அந்த வெள்ளைக் கழுதைய விக்காத. இனிமே அது உம் பொண்டாட்டிக்கு!”

முக்காட்டுக்குள் அக்கா சிரித்தது, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது.