ஒரு தரம்தான் கூப்பிட்டது

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேலையாட்கள் தங்குகிற அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த ஆள் மத்தியானமே மலையிறங்கிப் போய்விட்டாராம். காலையில்தான் வருவார் என்று பக்கத்துக் காட்டில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். மணி ஐந்தரை. பச்சைமலையில் மார்கழி மாதம் அந்த நேரத்துக்கே வெளிச்சம் கரைந்துவிடுகிறது.

நானும் என் மனைவியின் தம்பி தைரியராஜும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரே பைக்கில் வந்திருந்தோம். மலைச்சாலை ஓரத்தில் தடுப்புச் சுவர் கட்டுகிற வேலை. நான் கல் கட்டுவேன், அவன் சாந்து கலந்து தருவான். வண்டியின் பின்னால் சாந்துச் சட்டி, கரணை, தண்ணீர் கேன், நீலத் தார்ப்பாய், இரண்டு போர்வை. மற்ற ஆட்களும் சிமெண்டும் மறுநாள் லாரியில் வருவதாக இருந்தது.

கிளம்பும்போது என் மனைவி பவுனம்மாள் வாசல் வரை வந்தாள். தாய் இல்லாத வீட்டில் தைரியராஜை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். தை மாதம் அவனுக்குக் கல்யாணம். மண்ணச்சநல்லூரில் பெண் பார்த்துத் தேதியும் குறித்தாயிற்று.

"அவனுக்குக் குளிர் ஆகாது. பத்திரமாத் திருப்பிக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

திருவெள்ளறை தாண்டித் துறையூர் வருவதற்குள்ளாகவே தூறலும் காற்றும் பிடித்துக்கொண்டன. வண்டி நின்ற இடத்திலெல்லாம் தைரியராஜ் குந்தி உட்கார்ந்து எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் கையைக் காட்டுவான். கை சூடானதும் எழுந்து, ஈரமாக இருக்கிற பெட்ரோல் டேங்கின் மேல் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி வைப்பான். எடுத்தால் கை வைத்த இடம் மட்டும் காய்ந்து, விரல்கள் விரிந்தபடி தெரியும். சின்னப் பிள்ளைபோல என்னைக் கூப்பிட்டுக் காட்டுவான்.

மலை அடிவாரத்தில் ஒரு போண்டாக் கடையில் நிறுத்தினோம். மேலே ஏறும்போது காற்று நெஞ்சில் அறையும் என்பதால் கடைக்காரரிடம் பழைய பேப்பர் கேட்டேன். சட்டைக்கும் பனியனுக்கும் நடுவில் பேப்பரை வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டால் ஸ்வெட்டர் செய்யாததை அது செய்யும். அவர் போண்டா மடிக்க வைத்திருந்த கட்டிலிருந்து உருவிக் கொடுத்தார்.

நான் நாற்பத்தாறு வயதில் என் மகள் பவித்ராவிடம் எழுத்துக் கற்றவன். கையில் எது வந்தாலும் கூட்டிப் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன். அன்றும் விரித்தேன். தைரியராஜ் ஹாரன் அடித்தான்.

"ஒரு வரி படிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும் மாமா. உள்ள வச்சுக்கிட்டு வாங்க. நெஞ்சு படிச்சுக்கும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

அறை பூட்டியிருந்ததால் வெளியில் படுக்க இடம் தேடினோம். வேலை நடக்க வேண்டிய இடத்துக்குச் சற்று உள்ளே, ஒரு பலா மரத்தடியில் தரை மட்டமாக இருந்தது. மூன்று கற்கள் கரி பிடித்துக் கிடந்தன. முளை அடித்த குழிகளும் இருந்தன. மண் மூடி, ஆனால் தூர்ந்துபோகாமல். தார்ப்பாயின் ஓரத்தில் வைக்கிற அளவுக்குக் கற்கள் வரிசையாகக் கிடந்தன.

"நமக்குன்னே போட்டு வச்ச மாதிரி இருக்கு மாமா" என்றான்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, தார்ப்பாயின் ஒரு நுனியை ஹாண்டில்பாரிலும் இன்னொன்றைப் பின் கம்பியிலும் கட்டினோம். மறுபக்கத்தை இறக்கி முளை அடித்தோம். முளைகள் பழைய குழிகளிலேயே இறங்கின. சுத்தியல் தேவைப்படவில்லை.

அடுப்பு மூட்டிப் பவுனம்மாள் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். மூடுபனி மரத்தடி வரைக்கும் வந்து நின்றது. தீயின் முன்னால் முகம் சுட்டது, முதுகு விறைத்தது. சோற்றை உருட்டிய விரல்கள் யாருடைய விரல்களோ மாதிரி இருந்தன.

விறகு தணலானதும் சட்டியில் அள்ளி உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்றான். நான் யோசித்தேன்.

"தணல்தானே மாமா. புகை இருந்தாத்தானே பயம்."

எனக்கும் அப்படித்தான் தெரியும். முப்பது வருடமாகக் கட்டிடங்களில் படுத்திருக்கிறேன். புகை இருந்தால் வெளியே, தணல் என்றால் உள்ளே. சாந்துச் சட்டியைத் துணி சுற்றித் தூக்கி உள்ளே வைத்தவன் நான்தான். தார்ப்பாய் ஓரமெல்லாம் கற்களை நெருக்கி வைத்தோம். ஓர் இடுக்கு இல்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே வீடுபோல வெதுவெதுப்பாகிவிட்டது. தைரியராஜ் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, இது தெரிந்திருந்தால் அறைக்கே அலைந்திருக்க வேண்டாம் என்றான்.

பூச்சிகளின் சத்தம் நின்றது.

நின்ற பிறகுதான் அதுவரை சத்தம் இருந்ததே தெரிந்தது. பலா மரத்திலிருந்து சொட்டிய பனி தார்ப்பாயின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஈரச் சாம்பலின் வாடை வந்தது. எங்கள் சாம்பல் இன்னும் ஈரமாகவில்லை.

வெளியே யாரோ இருமினார்கள்.

தைரியராஜ் தலையைத் தூக்கினான். அப்போது குரல் கேட்டது. நின்றுகொண்டு பேசுகிறவனுடைய குரல் அல்ல. தரையில் படுத்து, மண்ணில் வாய் வைத்துப் பேசுகிற மாதிரி இருந்தது.

"திறங்க."

தைரியராஜ் வாயைத் திறப்பதற்குள் நான் பொத்தினேன்.

வேலை நடக்கிற இடத்தில் இரவு தங்குகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இருட்டில் யாராவது கூப்பிட்டால் உடனே குரல் கொடுக்கக் கூடாது. மனிதனாக இருந்தால் மூன்று தரம் கூப்பிடுவான். மற்றதற்கு ஒரு தரத்துக்கு மேல் கூப்பிட வராது. நான் அதை வீட்டிலும் விட்டதில்லை. மாமாவுக்குச் சோறு போடக்கூட அக்கா மூணு தரம் கூப்பிடணும் என்று தைரியராஜ் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அன்று அவன் சிரிக்கவில்லை.

"யாரோ குளிருல கெடக்கான் மாமா" என்றான் என் விரல் இடுக்கில்.

"மூணு தரம் கூப்பிடட்டும்."

காத்திருந்தோம். தணல் ஒரு தரம் நொறுங்கியது. தைரியராஜின் மூச்சு என் உள்ளங்கையில் சுட்டது. இரண்டாவது தரம் வரவில்லை.

கல் நகர்ந்தது.

கால்மாட்டில் தார்ப்பாயின் ஓரத்தில் வைத்திருந்த கல்லை யாரோ இழுத்தார்கள். மெதுவாக, பலம் இல்லாதவன் இழுப்பதுபோல. இடுக்கு வழியாகக் குளிர் உள்ளே பாய்ந்தது. தார்ப்பாயை உள்ளே இழுத்து என் காலால் மிதித்துக்கொண்டேன்.

அடுத்த கல்.

அதையும் உள்ளிருந்து அடைத்தேன். தண்ணீர் கேனை வைத்தேன். கரணையையும் என் செருப்பையும் வைத்தேன். சத்தம் தைரியராஜின் பக்கமாகச் சுற்றிப் போனது. அந்தப் பக்கத்தைத்தான் நன்றாக அடைத்தேன். மீதியிருந்த போர்வையைச் சுருட்டி ஓரம் முழுக்கத் திணித்தேன். அவனுக்குத்தான் குளிர் ஆகாது.

சத்தம் நின்றுவிட்டது.

போய்விட்டது என்று அவன் காதில் சொன்னேன். தலை வலிக்குது மாமா என்றான். எனக்கும் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தன. பயம் என்று நினைத்தேன். படுத்தால் சரியாகிவிடும் என்று சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்கப்புறம் கையும் காலும் எனக்குச் சொந்தமாக இல்லை. குளிரும் தெரியவில்லை. எதுவும் தெரியவில்லை.

கன்னத்தில் பனி சொட்டியபோது கண் திறந்தேன். விடிந்திருந்தது. என் தலை தார்ப்பாய்க்கு வெளியே ஈரப் புல்லில் கிடந்தது. உடம்பு உள்ளே. தலைமாட்டில் தார்ப்பாய் ஒரு சாண் தூக்கியிருந்தது. கரி பிடித்த கல் ஒன்று அதற்கு முட்டுக் கொடுத்து நட்டுக்குத்தாக நின்றது. மூன்று அடுப்புக் கற்களில் ஒன்று அது. நான் வைக்கவில்லை.

உள்ளே பார்த்தேன். தைரியராஜ் நான் விட்ட இடத்திலேயே படுத்திருந்தான். முகம் நல்ல சிவப்பாக இருந்தது. வெயிலில் நின்று வந்தவன் மாதிரி.

"மாப்ள" என்றேன்.

மூன்று தரம் கூப்பிட்டேன்.

மரவள்ளிக் காட்டுக்காரர்களின் வண்டியில் அவனைத் துறையூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் ஒரு சின்னப் பெண். என்னை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னது. தணலுக்குப் புகை இல்லாவிட்டாலும் அதிலிருந்து ஒரு விஷக் காற்று வரும். வாடை கிடையாது, கண் எரியாது, தூக்கம்தான் வரும். கூடாரமோ அறையோ, மூடிய இடத்தில் தணலை வைக்கவே கூடாது, திறந்து வைத்தாலும் வைக்கக் கூடாது. தலைவலி வந்த உடனே வெளியே போயிருந்தால் பிழைத்திருப்பான். நான் பிழைத்ததற்கு என் தலை வெளியே இருந்ததுதான் காரணம். யார் வெளியே இழுத்தார்கள் என்று கேட்டது. தெரியாது என்றேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வெயில் ஏறியது. பெஞ்சில் இருந்தபடியே சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். பேப்பர் மடியில் விழுந்தது. வேர்வையில் நைந்திருந்தது. செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் விரித்துப் படித்தேன். போன வருடத்து மார்கழிப் பேப்பர்.

கீழ் மூலையில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். பச்சைமலையில் பைக்கில் வேலைக்குச் சென்ற தொழிலாளி பிராங்க்ளின், வயது முப்பத்துநான்கு. குளிருக்காகத் தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் இரும்புச் சட்டியில் தணல் வைத்துத் தூங்கியபோது மூச்சுத்திணறி இறந்தார். பலா மரத்தடியில் உடல் மீட்கப்பட்டது.

இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

பவுனம்மாள் என்னைத் திட்டவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கல் நகர்ந்ததையும் நான் அடைத்ததையும் சொன்னேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கூப்பிட்டப்ப ஏன் திறக்கலை?"

அதற்கப்புறம் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

வண்டியைக் கொள்ளிடக் கரையில் இருக்கிற எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். பெட்ரோலை இறக்கிவிட்டேன். சாவியைப் பவுனம்மாள் அரிசிப் பானைக்குள் போட்டாள். ஒரு வருடமாக யாரும் அதைத் தொடவில்லை.

இந்த மார்கழி பிறந்த மூன்றாம் நாள், விடிவதற்குக் கொஞ்சம் முன்னால். கோயிலுக்குப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் தெருமுனையில் கேட்டுத் தேய்ந்தது. அதன் பின்னால், வாசலில், தரையோடு தரையாக ஒரு குரல் கேட்டது.

"மாமா."

நான் படுத்தபடியே இருந்தேன். உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று. இரண்டாவதற்காகக் காத்திருந்தேன். பவுனம்மாள் பாயிலிருந்து எழுந்தாள். கையைப் பிடித்தேன்.

"விடுங்க" என்றாள் மெல்ல. "அவனுக்கு ஒரு தரத்துக்கு மேல கூப்பிட வராது."

போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் யாரும் இல்லை. பனி மட்டும் இருந்தது. வண்டியின் மேலெல்லாம் பனி பூத்து வெள்ளையாக இருந்தது. டேங்கின் மேல் மட்டும் இரண்டு கைகள் காய்ந்து தெரிந்தன, விரல்கள் விரிந்தபடி. பவுனம்மாள் தன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். அவள் கையைவிடப் பெரிது.

அன்றிலிருந்து நாங்கள் கதவைச் சாத்துவதில்லை. ஒரு செங்கல்லை நட்டுக்குத்தாக முட்டுக் கொடுத்து ஒரு சாண் திறந்து வைக்கிறோம். குளிர் உள்ளே வருகிறது. வரட்டும். எனக்கு இப்போது குளிர் அவ்வளவாகத் தெரிவதில்லை.

தினமும் ஒரு தரம் கூப்பிடுகிறான். நான் உடனே "வா மாப்ள" என்கிறேன். உள்ளே வருவதில்லை.

இன்று காலை அவன் கூப்பிடுவதற்கு முன்னால் யாரோ இருமினார்கள். தைரியராஜுக்கு இருமல் கிடையாது. அன்று தார்ப்பாய்க்கு வெளியே கேட்ட இருமல் அது. எழுந்து வாசலுக்குப் போனேன். டேங்கின் மேல் பனியில் நான்கு கைகள் இருந்தன.

குந்தி உட்கார்ந்து எஞ்சினைத் தொட்டேன்.

சூடாக இருந்தது.