கண்ணில் டார்ச் அடித்த டாக்டர்

மழையென்றால் ஒரகடத்து மழை. பாதி வானத்திலிருந்து வரும், மீதி கன்டெய்னர் லாரியின் டயரிலிருந்து வரும். இரண்டிலும் முழுக்க நனைந்து, ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்து, அந்த இருபத்துநாலு மணி நேர கிளினிக்கின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது, டியூட்டி டாக்டர் ஜோயலின் வாயில் பாதி வடை இருந்தது. முதல் பார்வைக்கு இதைவிட மோசமாக ஒரு கதாநாயகன் சிக்கியிருக்க முடியாது.

ஆனால் அந்தக் கண்கள்... மை கரைந்து, நீர் தளும்பி, பெரிதாக, கறுப்பாக... ஜோயல் வடையை மெல்ல மறந்தான்.

அடுத்த நொடியே உஷாரானான். காரணம் இருந்தது. அன்று மதியம் கிளினிக்கில் எல்லாருக்கும் பயிற்சி. வலி மாத்திரைக்கு அடிமையாகிப்போனவர்களை எப்படி அடையாளம் காண்பது, தெருவில் விற்கும் மாத்திரைகளில் என்னவெல்லாம் கலக்கிறார்கள் என்று ஒரு டாக்டர் வந்து சொல்லித்தரப் போகிறார். அதற்கு முன்னால் நோயாளி மாதிரி நடிக்க ஓர் ஆளை அனுப்பி, இங்கே இருப்பவர்கள் திட்டுகிறார்களா, தன்மையாகப் பேசுகிறார்களா என்று வேவு பார்ப்பார்களாம். தண்டலத்தில் ஒரு கிளினிக்கே மாட்டிக்கொண்டதாக நர்ஸ் பிரவீனா காலையிலேயே அவன் காதில் போட்டிருந்தாள்.

வந்தவள் கொட்டாவி விட்டாள். மூக்கை உறிஞ்சினாள். முழங்கையில் மயிர் சிலிர்த்து நின்றது. மாத்திரை கிடைக்காமல் தவிப்பவரின் அறிகுறிகள், ஒன்றுகூடப் பாக்கியில்லை.

'அடேயப்பா... என்னமா நடிக்கிறாங்க!'

அவளை உட்காரவைத்துக் கண்ணில் டார்ச் அடித்தான். கருமணிகள் விரிந்திருந்தன. அதுவும் ஓர் அறிகுறிதான். அந்த நேரத்தில் டாக்டரின் கருமணியை யாராவது சோதித்திருந்தால் அவனையும் அட்மிட் செய்திருப்பார்கள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் விடவில்லை. எஃப்.எம். ரேடியோக்காரர்கள் கடன் கேட்கும் அளவுக்குக் குரலில் தேன்.

"பயப்படாதீங்க. இது கெட்ட பழக்கம் இல்லைங்க, ஒரு நோய். சுகர், பிரஷர் மாதிரிதான். வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. எப்பலேர்ந்து மாத்திரை எடுக்குறீங்க... மெதுவா சொல்லுங்க, நான் இருக்கேன்."

அவள் அவனையே பார்த்தாள். இந்தப் பேச்சைப் பேசுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பவள் அவள். ஒருத்தர் தானாகவே பேசி இப்போதுதான் கேட்கிறாள்... சிவந்த மூக்குக்கு மேலே அந்தக் கண்கள் கனிந்தன.

"எனக்கு சளி பிடிச்சிருக்கு டாக்டர். சிங்கப்பெருமாள் கோவில்லேருந்து நனைஞ்சுகிட்டே வாரேன்," என்றாள், அசல் திருநெல்வேலித் தமிழில். "நான் இசக்கிசெல்வி. மத்தியானம் கிளாஸ் எடுக்கப்போறது நாந்தான்."

டார்ச் அணையாமல் அவன் கையிலேயே தொங்கியது. அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு நின்றிருந்தால் கதை இங்கேயே சுபம். துண்டோடு வந்த பிரவீனா விடவில்லை.

"நடிக்க வந்தவங்கன்னு நெனச்சி இன்னா பாசமா பேசினீங்க டாக்டர்... நெச பேஷன்ட்டா இருந்தா இந்நேரம் ரோட்டுக்குத் தொரத்தியிருப்பீங்க."

சிரிப்பு அணைந்தது. "பரீட்சைன்னு நெனைச்சுதான் அப்படிப் பேசுனீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மன்னிப்பு கேட்டிருக்கலாம். ஆனால் மாட்டிக்கொண்டால் ஜோக் அடிப்பது ஜோயலின் பரம்பரை வியாதி. "மார்க் எவ்ளோ மேடம்?" என்று கேட்டு வைத்தான்.

அவள் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மதியம் வகுப்பு. கடைசி நாற்காலியில் அவன். ஒரு முறையாவது பார்ப்பாளா... ஊஹூம். சுவரோடு கூடப் பேசினாள், அவனோடு இல்லை. சாயங்காலம் கிளம்பிவிடுவாள். அவள் மனதில் அவன் வேஷக்காரனாகவே தங்கிவிடுவான். அதை நினைத்தால் நெஞ்சுக்குள் யாரோ ஸ்பேனரால் திருகினார்கள்.

"தெருவுல விக்கிற மாத்திரையில தூக்க மருந்தும் கலக்குறாங்க," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "மூச்சு நின்னவங்களுக்கு நாலோக்சோன்னு மாத்து ஊசி போட்டா மூச்சு திரும்பும், முழிப்பு வராது. முழிக்கலையேன்னு மேல மேல ஊசி ஏத்தாதீங்க. மூச்சைப் பாருங்க."

அப்போதுதான் வாசலில் கூச்சல். முதல் ஷிப்ட் முடிந்து ரூமுக்குப் போன லோகேஷ் என்ற தொழிற்சாலை லைன் தொழிலாளியை அவனுடைய ரூம்மேட் தோளில் தூக்கிவந்திருந்தான். உதடு நீலம். மூச்சு எப்போதோ ஒன்று. கருமணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தது, மாத்திரை அளவு மீறியதன் அடையாளம்.

ஜோயல் ஓடினான். முகமூடியை வைத்துக் காற்றை அழுத்தினான். நரம்பில் நாலோக்சோன் ஏறியது. ஒரு மூச்சு... இன்னொன்று... உதட்டில் சிவப்பு திரும்பியது. கண் மட்டும் திறக்கவில்லை. பிரவீனா அடுத்த ஊசியை உறிஞ்சினாள்.

"வேணாம். மூச்சு ஒழுங்கா வருது. வேற ஏதோ கலந்திருக்கு. சுகர் பாரு, ஆக்சிஜன் வை. நான் பக்கத்துலயே இருக்கேன்."

இசக்கிசெல்வி எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யப் போனாள்.

அவள் திரும்பியபோது மழை விட்டிருந்தது. படுக்கையைச் சுற்றியிருந்த திரைக்கு வெளியே அவள் கால்கள் நின்றுவிட்டன. உள்ளே, ஒருவழியாகக் கண்விழித்த லோகேஷ் அழுதுகொண்டிருந்தான். தோள்வலிக்கென்று தொடங்கிய மாத்திரையாம், அது இல்லாமல் ஓவர்டைம் பார்க்க முடியாதாம், கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமாம்.

ஜோயலின் குரலில் காலையின் தேன் ஒரு சொட்டுகூட இல்லை.

"டேய்... நீ மூச்சு விடலடா. என் கைகால்லாம் ஆடிப்போச்சு. கம்பெனிக்கு இன்னா, நீ சொல்லாம உன் வூட்டுக்குக்கூட சொல்ல மாட்டேன். நாளைக்குக் குளிரும், கொட்டாவி வரும், உடம்பெல்லாம் வலிக்கும். அப்போ தெருவுக்குப் போவாத, இங்க வா. அதுக்கு மருந்து இங்கியே கீது. நான் திட்டுவேன், எனக்கு வாய் சரியில்ல... திட்டினாலும் வந்துடு. இன்னா?"

ஆம்புலன்ஸ் லோகேஷை ஏற்றிக்கொண்டு போனது. திரும்பிய ஜோயல், திரைக்கு வெளியிலேயே நின்றிருந்த அவளைப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"காலையில உங்களை ஏமாத்திட்டேன்," என்றான். "ஸாரிங்க. அப்பவே சொல்லியிருக்கணும்."

அவள் கைப்பையின் வாரைத் திருகினாள். "எத்தனையோ ஊர்ல எத்தனையோ பேர் என்கிட்ட நல்லவங்க மாதிரி நடிச்சிருக்காங்க டாக்டர். சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறியிருக்கேன். இன்னைக்கு மட்டும் கிளாஸ் எடுக்கவே முடியல... ஏன் தெரியுமா? பிடிக்காத ஆள்கிட்ட ஏமாந்தா வலிக்காதுலா."

ஜோயலுக்கு ஏதாவது ஒரு ஜோக் சொல்லியாக வேண்டும்போல இருந்தது. தேடினான்... ஒன்றும் அகப்படவில்லை.

"எனக்கும்... உங்கள ரொம்பப் பிடிச்சிருக்குங்க," என்றான்.

இசக்கிசெல்வி பெரிதாக ஒரு தும்மல் போட்டாள். பிறகு, கைப்பையைக் கழற்றி அவன் மேசைமேல் வைத்தாள்.

"அடுத்த பஸ்ஸுக்குப் போய்க்கிடுதேன்," என்றாள். "சூடா ஒரு டீ சொல்லுங்க."