முழங்கால் தண்ணீர்

படகு கரையைத் தொடுவதற்குள் வக்கீல் தம் மனைவியைப் பல முறை கண்டித்துவிட்டார்: தூண்டில் கோல்கள் இருந்த நீளப் பையை அவள் நிமிர்த்திப் பிடிக்கவில்லை என்று ஒரு முறை, தொப்பியைக் காற்றில் பறக்கவிட்டாள் என்று ஒரு முறை, பறந்த தொப்பியைப் பார்த்துப் படகோட்டி சிரித்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள் என்று ஒரு முறை.

தீவு மிகச் சிறியது. ஒரு முனையில் நின்று தும்மினால் மறுமுனையில் கேட்கும். மரக்கால்களின்மேல் நின்ற விடுதி, மழைநீர்த் தொட்டி, மண்ணெண்ணெய் நாறும் படகுக் கொட்டகை. அங்கே இருந்தவை அவ்வளவே. சுற்றிலும், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை, முழங்காலைத் தாண்டாத தெளிந்த கடல்நீர் கிடந்தது. அதன் அடியில் வெண்மணல். இறகுத் தூண்டில் வீசுகிறவர்கள் கடல் கடந்து தேடி வருவது இந்த ஆழமில்லாத நீரைத்தான். மயிரையும் இறகையும் நூலால் இறுக்கி, இறாலைப்போல ஒப்பனை செய்த முள்ளை வீசுவார்கள். அகப்பட்ட மீனோடு படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு அதை நீரிலேயே விட்டுவிடுவார்கள். பிடித்ததை யாரும் தின்பதில்லை.

விடுதியை நடத்தியவள் பருத்த உடம்பும் சுருங்கிய பேச்சும் உடையவள். வழிகாட்டி அவளுடைய தம்பி. கால்கள் இரண்டும் நெடியவை. நீரில் நின்றால் மணிக்கணக்கில் அசையமாட்டான்.

"உன் பேரு என்னப்பா?" என்றார் வக்கீல்.

"கொக்குன்னே கூப்பிடுங்க சார். நிஜப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நானே திரும்பிப் பாக்க மாட்டேன்."

வக்கீலின் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. கணவரின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

அவள் ஒரு பெரிய மருத்துவமனையில் மருந்தாளுநர். அங்கே அவள் 'இந்த அளவு கூடாது' என்று சொன்னால் மருத்துவர்களே மறுபேச்சுப் பேசாமல் மாற்றி எழுதுவார்கள். வீட்டு வாசலைத் தாண்டிய கணமே அவள் சாட்சிக் கூண்டில் ஏறியவள் ஆகிவிடுவாள். 'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு' என்பதே அவர்களுடைய இல்லறத்தின் முதற் சட்டம். மணமான புதிதில் பிறந்த வீட்டுக்குப் போய் அழுதபோது, "அடிக்கிற கைதான்டி அணைக்கும்" என்று தேற்றி அனுப்பினாள் தாய். பழமொழியின் முதற்பாதி தவறாமல் நடந்தேறியது. மறுபாதிக்காக அவள் தலை நரைக்கும் வரை காத்திருந்தாள்.

அன்று பிற்பகலே நீரில் இறங்கினார்கள்.

"மீனைத் தேடாதீங்க சார். அது கண்ணாடி மாதிரி, கண்ணுக்கே அகப்படாது. மணல்ல அதோட நிழல் ஓடும். நிழலைத் தேடுங்க," என்றான் கொக்கு.

வக்கீலுக்கு நல்ல கண். நல்ல கையும்கூட. வெயில் சாய்வதற்குள் வெள்ளித் தகடுபோல் மின்னிய பெரிய மீன் ஒன்று அவர் கையில் துடித்தது.

"எடுடி படத்தை! சூரியன் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்து நில்லு. இத்தனை வருஷத்துல ஒரு படம் ஒழுங்கா எடுக்க வந்திருக்கா உனக்கு?"

"சார், போதும். தண்ணியில விடுங்க. மூச்சு முட்டுது அதுக்கு."

"மீனுக்கு நீ வக்காலத்தா? ஃபீஸ் யார் கொடுப்பா?" என்று சிரித்தார். "இன்னொண்ணு எடுடி. இது என் முகம் மாதிரியே இல்ல."

மீனின் வாய் திறந்து திறந்து மூடியது. படம் மனத்துக்குப் பிடித்த பிறகுதான் அதை நீரில் போட்டார். கொக்கு மண்டியிட்டு, அதன் வயிற்றைத் தாங்கி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, முன்னும் பின்னும் மெல்ல அசைத்தான். செவுள் வழியே நீர் ஓடினால் உயிர் திரும்பும் என்றான். நெடுநேரம் அசைத்தான். கையை எடுத்ததும் மீன் வெள்ளை வயிற்றைக் காட்டி மல்லாந்தது.

திரும்பும் வழியில் அவன் வேண்டுமென்றே பின்தங்கி அவளோடு நடந்தான்.

"அம்மா, இங்க நாம மட்டும் பிடிக்கிறதில்ல."

"வேற யாரு?"

"தெரியாதும்மா. மணல்ல ஆள் நிழல் மாதிரி நிக்கும். மேல ஆள் இருக்காது. கண்டா உடனே சத்தம் போடுங்க. தண்ணியை விட்டு வெளிய வந்துட்டா ஒண்ணும் செய்யாது."

"வராட்டி?"

"பிடிக்கும். பிடிச்சுட்டு விட்டுடும்." அவன் குரல் தாழ்ந்தது. "நாம செய்யற மாதிரியேதான்."

வந்து தங்குகிறவர்களுக்குச் சொல்வதற்கென்று எல்லா இடத்திலும் ஒரு கதை வைத்திருப்பார்கள் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வக்கீல் கொக்கை வரவேண்டாம் என்று விரட்டிவிட்டார். கரையில் அவளை நிறுத்தி, "நான் கேக்காம வாயைத் திறக்காதே. சத்தம் கேட்டா மீன் ஓடிடும்," என்று எச்சரித்துவிட்டுத் தனியே நீருக்குள் நடந்தார்.

சிறிது நேரத்தில் காற்று நின்றது. கரையோரம் அழுகிய பாசியின் நாற்றமும் அதனோடு நின்றது. அதன் இடத்தில், நெடுநாள் பூட்டிக் கிடந்த இரும்புப் பெட்டியைத் திறந்தாற்போன்ற ஒரு வாடை வந்தது. கடற்பறவைகளின் கூச்சல் அற்றுப்போனது.

வக்கீலுக்கு அப்பால், பளிச்சென்ற வெயிலில், வெண்மணலின்மேல் ஒரு நிழல் நின்றது.

ஆள் உயரம். கையில் நீண்டு மெலிந்த ஒன்று.

அதன்மேல் எவரும் இல்லை.

அவள் வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

அவர் இன்னும் கேட்கவில்லை.

வக்கீலின் தலை சட்டென்று ஒரு பக்கமாக இழுபட்டது. கண்ணுக்குத் தெரியாத விரல்கள் கிள்ளிப் பிடித்தாற்போல அவருடைய கடைவாய் ஆழ்கடலை நோக்கி நீண்டது. அவர் ஓடினார். முழங்கால் நீரைச் சிதறடித்துக்கொண்டு, வளர்ந்த மனிதர் ஒருவர் கன்றுக்குட்டியைப்போல ஓடினார். ஓடியவர் நின்றார், திரும்பினார், குதிகால்களை மணலில் ஊன்றியும் வந்த வழியே இழுபட்டார். மறுபடி ஓடினார், இம்முறை குறைந்த தொலைவு. கடைசியில் ஓடவே இல்லை. வாய் பிளந்தபடி, தள்ளாடி, இழுத்த திசையில் நடந்து போய் மண்டியிட்டார். முகம் நீருக்குள் அமிழ்ந்தது.

முழங்கால் தண்ணீர். அதில் அவரை எதுவோ பிடித்து வைத்திருந்தது. பிடித்ததை இப்படியும் அப்படியும் திருப்பி, ஆற அமரப் பார்த்தது.

கரையில், பழகிப்போன அவள் கை தானாகவே கேமராவை உயர்த்தியிருந்தது.

பிறகு வக்கீலின் உடல் மிதந்தது. தலை நீரோட்டத்துக்கு எதிராகத் திரும்பியது. முன்னும் பின்னும், முன்னும் பின்னும், யாரோ அதை மிகுந்த அக்கறையோடு அசைத்தார்கள். அவர் இருமினார். எழுந்தார். நிழல் இல்லை.

"கால் தடுக்கிடுச்சு," என்றார் கரையேறி. அதற்குமேல் அவருக்கு எதுவும் நினைவில் இல்லை. கடைவாயில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருந்தது. அதில் இரத்தம் இல்லை.

மதிய உணவின்போது அவர் தம் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "நீ முதல்ல சாப்பிடும்மா. களைச்சுப் போயிருக்கே."

அவள் தட்டைத் தொடாமல் எழுந்தாள். குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, வாயில் துணியை அடைத்து அழுதாள்.

துளையைக் கண்டுவிட்ட கொக்கு வாசலில் காத்திருந்தான். "அம்மா, சாயங்காலம் படகு போகுது. கூட்டிட்டுப் போயிடுங்க. ஒரு தடவை பிடிபட்டதுக்குத் தெம்பு இருக்காது. மறுபடி மாட்டினா தாங்காது."

"தம்பி சொல்றதைக் கேளு," என்றாள் விடுதிக்காரி.

கேட்கத்தான் நினைத்தாள். பெட்டியை எடுத்து வைத்து, துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

"சட்டையை இப்படியா மடிப்பாங்க? உங்கம்மா உனக்குக் கத்துக்கொடுத்த லட்சணம் இதானா?"

திரும்பிப் பார்த்தாள். பழைய முகம் திரும்பியிருந்தது. எள்ளும் கொள்ளும் அதில் வெடித்துக்கொண்டிருந்தன.

மருந்தின் வேகம் இறங்கிவிட்டது என்று அவள் மனம் அமைதியாகச் சொன்னது. இறங்கினால் அடுத்த வேளை கொடுக்க வேண்டும். இது அவள் தொழில். மடித்த துணிகளை மீண்டும் அலமாரியில் அடுக்கினாள். வாசலுக்குப் போய், "நாங்க இருக்கோம். அவரை ரூமை விட்டு அனுப்ப மாட்டேன்," என்று கொக்கிடம் சொன்னாள். கணவரைத் தவிர வேறு யாரிடமும் அதுவரை அவள் பொய் சொன்னதில்லை.

மறுநாள் விடிந்ததும், கரையில் அவரருகே நின்று, கேட்காமலே பேசினாள். "அதோ, பெரிசா ஒரு நிழல் தெரியுதுங்க."

"எங்கே? எங்கடி?"

சுட்டிக் காட்டினாள். அதில் பொய் இல்லை. நிழல் அங்கேதான் நின்றது.

இரண்டாம் முறை அவர் நெடுநேரம் ஓடவில்லை. நீருக்குள் நெடுநேரம் இருந்தார். கரைக்குத் தவழ்ந்து வந்தவரின் முகம் சாம்பல் பூத்திருந்தது. பருகிய நீர் கடைவாய்த் துளை வழியே ஒழுகியது. அன்று பகல் முழுவதும் அவளருகில் அமர்ந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "உன்னை ரொம்பப் படுத்திட்டேன்ல?" என்று கேட்டார். அந்தக் கை அன்றுதான் அணைத்தது. அவர் உறங்கிய பிறகும் அதை விடாமல் பிடித்துக்கொண்டு, தாய் சொன்னது பொய்யில்லை என்று எண்ணியபடி அவள் கண்ணயர்ந்தாள்.

காலையில் தேநீர்க் குவளையை வாங்கி ஒரு மிடறு குடித்தார்.

"ஆறிப்போச்சு," என்றார்.

குரலில் கோபம்கூட இல்லை. ஆறித்தான் போயிருந்தது.

அவள் குவளையை வாங்கிக் கீழே வைத்தாள். அவர் கையைப் பற்றி எழுப்பினாள்.

நீரின் விளிம்பு வரை குழந்தையைப்போல வந்தவர், அங்கே வந்ததும் நின்றுவிட்டார். நினைவு வந்துவிட்டது. "வேண்டாம்மா. அது என்னைப் பாக்குது. திருப்பித் திருப்பிப் பாக்குது."

"கொஞ்ச நேரம்தாங்க," என்று அவர் முதுகைத் தடவினாள். "கையைக் காலை உதறாதீங்க. சீக்கிரம் விட்டுடும்."

"நான் இனிமே உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன். சத்தியமா."

"தெரியும். போங்க."

தள்ளினாள்.

அவர் ஓடவே இல்லை. ஒரே இழுப்பில் போய் விழுந்தார். நீர் ஒரு முறை கலங்கித் தெளிந்தது. பிறகு உடல் மிதந்தது. தலை ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பியது.

அசைந்தது.

முன்னும் பின்னும் அசைந்தது.

வெயில் ஏறியது. பொறுமையான அந்த அசைவு நிற்கவில்லை. 'கொஞ்சம் பொறு, இதோ இருமுவார்' என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அசைவு நின்றது.

வக்கீல் மல்லாந்தார்.

நிழல் சிறிது நேரம் அங்கேயே நின்றது. அதற்குப் பிறகு அதன் தலை கரையை நோக்கித் திரும்பியது.

கொக்கும் அக்காளும் ஓடி வந்து உடலைத் தூக்கினார்கள். வக்கீலின் கண்களை மூடிவிட்ட விடுதிக்காரி, அவருடைய காதுக்கு மேலே மயிர் ஒரு கொத்து சுத்தமாகக் கத்தரிக்கப்பட்டிருப்பதைத் தொட்டுக் காட்டினாள். இதை அவர்களும் முன்பு கண்டதில்லை.

"பக்கத்துலதானே நின்னீங்க?" என்றான் கொக்கு. "ஒரு சத்தம் போட்டிருக்கலாமே."

"நான் கத்தினா அவருக்குப் பிடிக்காது," என்றாள் அவள்.

கொக்கு அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

உடலைப் படகில் கிடத்தித் தார்ப்பாயால் மூடினார்கள். அவள் நனையாமல் ஏறுவதற்குக் கரையிலிருந்து ஒரு பலகையும் போட்டுவைத்தார்கள். "தண்ணியில கால் வைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு இருவரும் எரிபொருள் எடுக்கக் கொட்டகைக்குப் போனார்கள்.

காற்று நின்றது.

படகுக்கு அப்பால், முழங்கால் நீரில், வக்கீல் நின்றிருந்தார். சலவைச் சட்டை, உலர்ந்த தலை, அவள் எந்தப் படத்திலும் பிடிக்க முடியாத ஒரு புன்னகை.

"மணல் சுடுதா? வாம்மா," என்றார். "உன் மனசுல இருக்கறதையெல்லாம் சொல்லு. நான் கேக்குறேன்."

அவள் படகைப் பார்த்தாள். தார்ப்பாய்க்கு வெளியே வெளுத்த இரு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

நீரில் நின்றவர் கால்களை அசைக்காமலே சற்றுப் பின்னால் போனார். நின்றார். மறுபடி சற்றுப் போனார். நின்றார். வீசிய இறகு முள்ளைத் தூண்டில்காரர்கள் இப்படித்தான் இழுப்பார்கள்: சிறிது இழுத்து, நிறுத்தி, உயிருள்ளது என்று மீன் நம்பும்படி மீண்டும் இழுத்து. எத்தனையோ விடுமுறைகளில், பேசாமல் கரையில் நின்று அவள் பார்த்த கைவேலை அது. காதோரத்து மயிர் மட்டும் அவரிடமிருந்து கத்தரித்த உண்மையான மயிர் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

எல்லாம் தெரிந்தது.

"சொல்லும்மா," என்றது அது.

கொட்டகைப் பக்கமிருந்து கொக்கு அலறிக்கொண்டு ஓடி வருவது கேட்டது. அவள் செருப்புகளைக் கழற்றினாள். அவருக்குப் பிடித்த விதமாக அவற்றை நேராக, ஜோடி சேர்த்து வைத்தாள். பிறகு, எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று யோசித்தபடி, நீரில் இறங்கினாள்.