வடை அம்மாவுக்கே

செவ்வாய்க் குடியிருப்பில் பொழுது சாய்ந்தால் எல்லோர் காதுக்குப் பின்னாலும் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அன்றைய பதிவு வெளியாகிவிட்டது என்று அர்த்தம். தோலுக்கடியில் அரிசி மணி அளவில் புதைத்திருக்கும் ‘பதிவி’, அவரவர் பார்த்தது, தின்றது, மனசுக்குள் புலம்பியது எல்லாவற்றையும் கோத்து, தலைப்பும் கொடுத்து, வலைப்பூவில் போட்டுவிடும். அங்கே குழந்தைக்குப் பெயர் வைக்குமுன் அதன் வலைப்பூவுக்குப் பெயர் வைத்துவிடுவார்கள்.

எழுதாதவர் ஒருவர்கூட இல்லை. படிக்கத்தான் ஆள் இல்லை.

இந்தக் கூத்து பூமியில் ஆரம்பித்தது. ஆதியில் யாரோ சிலர், பார்த்த படத்தையும் படித்த செய்தியையும் நாட்குறிப்பு மாதிரி வலையில் எழுதிவைத்தார்கள். படித்தவர்கள் கீழே ஒரு வரி பின்னூட்டம் போட்டார்கள். அந்த ஒரு வரிக்கு ஆசைப்பட்டு ஆயிரம் பேர் எழுத வந்தார்கள். போகப்போக அது மொய் மாதிரி ஆகிவிட்டது. நீ எனக்கு வைத்தால் நான் உனக்கு வைப்பேன், வைக்காவிட்டால் ஜென்மப் பகை. முதலில் வந்து பின்னூட்டம் போடுகிறவர் ‘வடை எனக்கே’ என்று கூவுவது தமிழ்ப் பதிவர்களின் வழக்கம். செவ்வாயில் உளுந்து விளையாது, வடையை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. வழக்கம் மட்டும் ராக்கெட் ஏறி வந்துவிட்டது.

அத்தனை பேருக்கும் மொய் வைக்க நேரத்துக்கு எங்கே போவது? அதற்குத்தான் ‘மறுமொழியான்’. உங்கள் பெயரில், உங்கள் பேச்சுநடையிலேயே ஊரெல்லாம் போய்ப் பின்னூட்டம் போட்டுவிட்டு வரும். எல்லோரும் வைத்திருந்தார்கள். யாரும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சொர்ணாம்பிகையும் வைத்திருந்தாள். காற்று வடிகட்டும் நிலையத்தில் வேலை முடிந்து வந்தால் அவளுக்குக் கண் சொருகும். ஒரே மகள் நன்முல்லை, வியாழனின் நிலவான யூரோப்பாவில் பனிச்சுரங்கம் வெட்டும் முகாமில் இருந்தாள். கிளம்பிய அன்று இருவருக்கும் பெரிய சண்டை. போனால் திரும்பி வராதே என்று இவள் சொல்ல, நீயாகக் கூப்பிடாமல் இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று அவள் போய்விட்டாள். வீம்பில் ரெண்டும் ஒரே அச்சு. அதன்பிறகு பேச்சு இல்லை, பதிவும் பின்னூட்டமும்தான். மகளின் பதிவில் முதல் பின்னூட்டம் தன்னுடையதாகத்தான் விழவேண்டும் என்று சொர்ணாம்பிகை மறுமொழியானிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாள். ‘அருமை கண்ணு, தொடர்ந்து எழுது. வடை அம்மாவுக்கே!’ ஒரு நாளும் தவறியதில்லை. பெற்ற கடமையைச் செய்துவிட்ட நிம்மதி அவளுக்கு.

மகளும் சளைத்தவளில்லை. தாயின் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ‘அருமைம்மா, அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்டிருப்பாள். அதை மட்டும் சொர்ணாம்பிகை தானே எடுத்துப் படிப்பாள். பக்கத்து வீட்டு ரோசலினை இழுத்துவந்து காட்டி, கோபமாவது மண்ணாவது, எம்பொண்ணு நான் எழுதறதை ஒரு வரி விடாமல் படிக்கிறாள் பார் என்று பூரித்துப்போவாள்.

திரும்பும் கப்பல் யூரோப்பாவுக்கு வந்த வாரம், நன்முல்லை பதிவியை அணைத்துவிட்டுத் தன் கையாலேயே எழுதினாள்.

“அம்மா, என்னால முடியலம்மா. பனி முறியற சத்தத்துல தூக்கமே வரமாட்டேங்குது. கப்பல்ல இடம் பிடிச்சுட்டேன். ‘வா’ன்னு ஒத்தை எழுத்து போடு, ஏறிடறேன்.”

பதிவு செவ்வாயைத் தொட்ட கணத்தில் பின்னூட்டம் விழுந்தது. “மனதைத் தொட்ட பதிவு. அருமை கண்ணு, தொடர்ந்து எழுது. வடை அம்மாவுக்கே!”

மறுநாளும் எழுதிப் பார்த்தாள். மறுநாளும் அம்மாவுக்கே வடை. கப்பல் அவளில்லாமல் கிளம்பியது.

சுரங்கம் இடிந்த செய்தியைக் குடியிருப்பு அதிகாரி வீட்டுக்கு வந்து சொன்னார். உடல் கிடைக்கவில்லையாம். அதற்கு முன் போன கப்பலில் உங்கள் மகளுக்கு இடம் இருந்தது, ஏன் ஏறவில்லை என்றுதான் யாருக்கும் புரியவில்லை என்றார்.

அவர் போனபிறகு சொர்ணாம்பிகை முதல்முறையாக மகளின் வலைப்பூவைத் திறந்து படித்தாள். படித்துவிட்டு, “பாவி, பாவி” என்று தலையில் அடித்துக்கொண்டாள். ரோசலின் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஒத்தை எழுத்து. அதைக்கூடப் பெற்றவள் சொல்லவில்லை.

அழுது ஓய்ந்தபின் தன் பதிவியை அணைத்தாள். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எழுதினாள். “வா கண்ணு. அம்மா படிக்கலடி. ஒரு நாள்கூடப் படிக்கல. வந்துடு.”

வெளியிட்டு மூச்சு விடுவதற்குள் முதல் பின்னூட்டம் வந்தது. நன்முல்லையின் பெயர். ஒரு நொடி, ஒரே நொடி, சொர்ணாம்பிகையின் உயிர் திரும்பி வந்தது.

“வடை எனக்கே! அருமைம்மா, அப்புறம் என்ன ஆச்சு?”

ரோசலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொர்ணாம்பிகைக்கும் புரிந்துவிட்டது. மகளும் மறுமொழியான் வைத்திருந்தாள். இத்தனை வருஷமாகப் பூரித்துப் பூரித்துப் படித்ததெல்லாம் இதுதான். ஆனாலும் பதில் சொல்லாமல் இருக்க அவளுக்கு மனசு வரவில்லை. விரலைத் தூக்கினாள்.

விரல் படுவதற்குள், அவள் பெயரிலேயே பதில் போய்விட்டிருந்தது.

“தங்கள் வருகைக்கும் கருத்துக்கும் நன்றி!”